பின்னால் போகாத லாரி

எனக்கு லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தவருக்கு லாரியைப் பின்னால் எடுக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தென்காசியில் இந்த விஷயம் அவருக்கும் எனக்கும் சுரண்டைக்காரன் ஒருவனுக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கெல்லாம் அவர் பெரிய பக்திமான், கை சுத்தமானவர், பொறுமைசாலி. இந்தப் பெயர்கள் அவருக்கு எப்படிச் சேர்ந்தன என்று சொன்னாலே ஆளைச் சொன்னதாகிவிடும்.

யுத்த காலம் அது. நான் எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் இருந்தவனில்லை. ஐந்தாம் வகுப்பில் வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அவர் அங்கேயே இருந்தார், நான் கிளம்பிவிட்டேன். கொல்லத்தில் முந்திரிக்கொட்டை வறுத்தேன். புனலூர்ப் பக்கம் மூங்கில் வெட்டினேன். காய்ச்சல் வந்ததும் அதையும் விட்டேன். கிழக்கே போகிற ரயிலில் டிக்கெட் இல்லாமல் ஏறினேன், தென்காசியில் இறக்கிவிட்டார்கள். ஆக, எனக்கு ஊரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் டிக்கெட் பரிசோதகர். மண்டித் தெருவில் காலிச் சாக்குகளுக்குள் படுத்துக்கொண்டேன். சாக்குக்குள் நுழைந்துவிட்டால் எலி கடிக்காது, மூட்டைப்பூச்சி கடிக்கும். இரண்டில் எது தேவலை என்று யோசிக்கிற வசதி எனக்கு இல்லை.

அங்கேதான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அரிசியும் தேங்காயும் வியாபாரம் செய்த ஒரு முதலாளியின் லாரியை அவர் ஓட்டினார். பெட்ரோல் கிடைக்காததால் அந்த லாரி கரியில் ஓடியது. டிரைவர் உட்காரும் இடத்துக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய் இருக்கும். அதில் கரியைப் போட்டுப் பற்றவைத்து, பக்கத்தில் உள்ள காற்றாடியைக் கையால் சுற்ற வேண்டும். அரை மணி சுற்றினால் புகை வரும். அதற்குப் பிறகு இன்ஜினுக்கு மனம் வந்தால் இன்ஜின் கிளம்பும். காற்றாடி சுற்ற அவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏலே, கையில பெலம் இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி."

"வாய்?"

"அதுவும் இருக்கு."

"அதக் கொறச்சுக்கோ. வா."

ஒல்லியான ஆள். வேட்டிக்கு மேல் காக்கிக் கோட்டு, நெற்றி நிறைய விபூதி. ஸ்டியரிங்கில் நெஞ்சு படுகிற அளவுக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டுதான் ஓட்டுவார். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப மாட்டார். கூப்பிட்டவன்தான் சுற்றிக்கொண்டு முன்னால் வர வேண்டும். நடந்து போகும்போதும் அப்படியே. காப்பிக்கடையைத் தாண்டிவிட்டால் திரும்பி வர மாட்டார், அடுத்த கடையில் குடிப்பார். அடுத்த கடை இல்லையென்றால் காப்பி இல்லை. சொன்ன சொல்லையும் திரும்ப எடுக்க மாட்டார். சித்திரை மாதத்தில் ஒரு நாள், நாளைக்கு மழை வரும் என்று சொல்லிவிட்டு, மறுநாள் முழுக்கக் கொளுத்துகிற வெயிலில் குடையும் கையுமாக அலைந்தார்.

முதலில் பக்தி. மண்டித் தெரு குறுகலானது. மற்ற லாரிக்காரர்கள் சரக்கை இறக்கியதும் முன்னும் பின்னுமாக நாலு இழுப்பு இழுத்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அண்ணாச்சி திருப்ப மாட்டார். நேரே விட்டு, கோவிலின் ரத வீதிகளை வலமாக ஒரு சுற்றுச் சுற்றி, வந்த சாலைக்குப் போய்ச் சேருவார். சன்னதிக்கு நேரே வரும்போது ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்துக்கொள்வார். ஒரு நாளைக்கு எத்தனை நடையோ அத்தனை சுற்று.

வாசலில் பூ விற்கிறவர்கள்தான் முதலில் கவனித்தார்கள். "ஏட்டி, பாத்தியா? கரிக்கும் பஞ்சம் வந்திருக்க காலத்துல, சாமியச் சுத்தாம வண்டிய எடுப்பாரா அவரு?" என்று ஒருத்தி சொல்ல, "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, சாராயக்கடையச் சுத்திக்கிட்டு" என்றாள் அடுத்தவள். கோவில் பட்டர் அவருக்கென்று விபூதிப் பொட்டலம் எடுத்து வைக்கத் தொடங்கினார். அது வேறு வகையிலும் பயன்பட்டது. வழியில் போலீஸ்காரர் லைசென்ஸ் கேட்டால், அண்ணாச்சி பொட்டலத்தைப் பிரித்து நீட்டுவார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி இட்டுக்கொண்டு வழிவிடுவார். அண்ணாச்சிக்கு லைசென்ஸ் கிடையாது.

முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க டிரைவரு சாமியச் சுத்தாம சரக்கெடுக்க மாட்டாரு. மத்தவன் சரக்கு வாய்க்கால்ல கவுந்து கெடக்கு. நம்ம சரக்கு கவுந்திருக்கா சொல்லுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அடுத்தது கை சுத்தம். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கத்து அரிசி அந்தப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. அதனால் எல்லாருடைய அரிசியும் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எங்கள் முதலாளியும் ஒரு நாள் தேங்காய்க்கு அடியில் மூட்டைகளை அடுக்கிவிட்டு வந்து நின்றார்.

"வே, செங்கோட்டை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்திரும்."

"அந்தப் பக்கம் வண்டி வராது மொதலாளி."

"ஏன் வராது? ரோடு இருக்குல்லா?"

"ரோடு இருக்கு. நான் போமாட்டேன்."

"ஓமக்கும் ஒரு பங்கு உண்டும் வே."

"பங்கு கெடக்கட்டும். மூடைய எறக்கச் சொல்லுங்க."

முதலாளி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அடுத்த மண்டிக்காரரின் லாரி எல்லையில் அரிசியோடு பிடிபட்டது. முதலாளி வீட்டிலிருந்து அண்ணாச்சிக்கு அல்வா வந்தது. கதை தாசில்தார் காதுவரை போய், யுத்த நிதிக் கூட்டத்தில் அண்ணாச்சியை மேடையில் ஏற்றி, இவரைப் போல நாலு பேர் இருந்தால் தேசத்தில் கள்ளச் சந்தை ஏது என்று மாலை போட்டார்கள். மாலையோடு அவர் நின்ற நிலையைப் பார்த்து, எத்தனை அடக்கம் என்றார்கள். எல்லைச் சுங்கச் சாவடியில் எந்த லாரியானாலும் நீளமான ஒரு கொட்டகைக்குள் பின்பக்கமாக ஏற்றி நிறுத்திக் காட்ட வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

பொறுமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். குறுகிய பாலம் எது வந்தாலும் அண்ணாச்சி தூரத்திலேயே வண்டியை நிறுத்திவிடுவார். நான் சிவப்புத் துணியோடு இறங்கிப் பாலத்தைக் கடந்து அக்கரையில் நின்று, வருகிற மாட்டுவண்டியையும் பஸ்ஸையும் நிறுத்த வேண்டும். ஆள் அரவமே இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். நான் துணியை ஆட்டிய பிறகுதான் வண்டி வரும். எனக்கு முன்பே யாராவது பாலத்தில் ஏறிவிட்டால், "அவன் போகட்டும்லே, நமக்கென்ன அவசரம்" என்பார். இவரல்லவா டிரைவர் என்று பஸ்ஸில் இருப்பவர்கள் தங்கள் டிரைவரைத் திட்டுவார்கள். சுமை தூக்குகிறவர்கள் மட்டும் அவரைப் புகழ்வதில்லை. முட்டுச் சந்துக்குள் அவர் வண்டி நுழையாது. "இவரு வண்டி தெருமொனையில நிக்கும், மூடை நம்ம தலையில நடக்கும்" என்பார்கள்.

எனக்கு விஷயம் புரிந்தது வடகரையில். ஒரு தென்னந்தோப்புக்குள் தேங்காய் ஏற்றப் போனோம். தோப்புக்கு அந்தப் பக்கமும் வழி இருக்கிறது என்று மண்டிக் கணக்குப்பிள்ளை சொல்லியிருந்தார். ஏற்றி முடித்த பிறகுதான் தெரிந்தது, வழி இல்லை.

"வந்த வழியே பின்னால எடுத்துட்டுப் போவும்" என்றார் தோப்புக்காரர்.

அண்ணாச்சி எதிரே பார்த்தார். "அங்கிட்டு என்ன இருக்கு?"

"பாத்தா தெரியலியா? வேலி."

"வேலிக்கு அங்கிட்டு?"

"எந்தம்பி வயலு."

"அறுத்தாச்சா?"

"அறுத்தாச்சு. எதுக்குக் கேக்கீரு?"

"உமக்கும் உம்ம தம்பிக்கும் எத்தன வருசமாப் பேச்சு இல்ல?"

தோப்புக்காரர் வேலியைப் பார்த்தார். ஆள் உயரத்துக்கு முள் அடைத்த வேலி. சொந்தத் தம்பியைத் தவிர வேறு யாருக்காக அப்படி அடைப்பார்கள்? "அஞ்சு வருசம்" என்றார்.

"இந்த முள்ளு இருக்க வரைக்கும் பேச்சு வராது. பிரியும்."

வேலியைப் பிரித்தார்கள். லாரி அறுத்த வயல் வழியாகத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு மறுசாலைக்குப் போய் ஏறியது. அந்த இடைவெளி பிற்பாடு அடைக்கப்படவே இல்லை. ஊர் அதை நடைபாதையாக்கிக்கொண்டது. அண்ணன் தம்பிக்குள் பேச்சும் வந்தது, பாதை யாருடையது என்று.

திரும்பும்போது கேட்டேன். "அண்ணாச்சி, ஒங்களுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதோ?"

இலஞ்சி வளைவில் அவர் ஹாரனை ஓர் அழுத்து அழுத்தினார். பிறகு எதிரே பார்த்தபடியே சொன்னார்.

"கொழும்புலேருந்து ஒரு டிரைவரு இங்கன வந்து கெடந்தான். அவந்தான் பழக்கினான். முன்னால போற கியரெல்லாம் சொல்லிக் குடுத்தான். பின்னால போறத நாளைக்குப் பாப்போம்னான். மறுநா அவன் மச்சினன் தேடி வந்துட்டான், தங்கச்சிய என்ன செஞ்சேன்னு. டிரைவரு கொல்லப்புறமா ஓடிப்போனவன்தான்."

"நீங்களாப் போட்டுப் பாக்கலியா?"

"ஒருமட்டம் பாத்தேன்."

"என்னாச்சு?"

"ஒரு கழுத செத்துப்போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"துணி வெளுக்கவரு கழுத. அந்த மனுசன் ஒரு வார்த்த கேக்கல, பாத்துக்கிட்டே நின்னாரு. இடிச்சது எனக்குத் தெரியவே இல்லலே. என்னத்த இடிக்கோம்னு பாக்காம ஒருத்தன் இடிக்கலாமா?" கொஞ்ச தூரம் போனதும் அவர் பழையபடி ஆகிவிட்டார். "அதும்போக, ரிவர்ஸு என்னத்துக்கு வச்சிருக்கான் தெரியுமா? பட்டாளத்துக்கு. தோத்து ஓடுகதுக்கு. பர்மாவுல வெள்ளக்காரன் ஓடுனதக் கேட்டேல்லா? நமக்கு எதுக்குலே அது?"

இப்படிப்பட்டவர்தான் அந்தக் கோடையில் மோட்டார் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அவராக ஆரம்பிக்கவில்லை. டிரைவர் வேலை தெரிந்தால் பட்டாளத்தில் உடனே எடுக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. தெரிந்த டிரைவர்களில் ஒழுக்கமானவர் யார் என்று ஊர் யோசித்து, பக்தியும் நேர்மையும் உள்ளவர் என்று இவரிடம் வந்தது. முதலாளிக்கும் இது பெருமைதான். மத்தியான வேளையில் வண்டியைக் கொடுத்தார். நான் காற்றாடி சுற்றியபடியே மாணவனானேன். அதுவரை நான் பார்த்த வேலைகளிலேயே உட்கார்ந்துகொண்டு செய்யும் வேலை அது ஒன்றுதான். சுரண்டைக்காரன் என்று சொன்னேனே, அவன் இன்னொரு மாணவன். தேக்குக் கட்டை போன்ற உடம்பு, குழந்தை போன்ற குரல். மற்றவர்கள் வந்தார்கள், புகை தின்றார்கள், போய்விட்டார்கள்.

பாடம் நடந்த இடம் வற்றிப்போன குளம். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதில் வட்டமாக ஓட்டுவோம். குளத்துக்குள் யாருக்கும் பின்னால் போக வேண்டிய அவசியம் இல்லை. கியர் மாற்றுவது, ஹாரன் அடிப்பது, போலீஸ்காரரைக் கண்டால் சிரிக்காமல் வணங்குவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார். எல்லாவற்றையும்விட முக்கியமான பாடம் ஒன்று உண்டு. "வண்டிய நிறுத்துகதுக்கு முந்தி, எடுக்கத யோசிக்கணும்" என்பார். காப்பி குடிக்க நிறுத்துவதானாலும், முன்னால் வெளியேற வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நிறுத்த வேண்டும். சுரண்டைக்காரன் ஒரு நாள் கியர்த் தண்டைக் காட்டி, "அண்ணாச்சி, இந்தப் பக்கமும் ஒண்ணு விழுது போலிருக்கே" என்றான். அண்ணாச்சி அவன் கையைப் பிடித்து நகர்த்தினார். "அங்கன போகாத. அது சீக்காளிப் பல்லு." அவன் என்னைப் பார்த்தான். நான் குளத்தைப் பார்த்தேன். அவனுக்கும் புரிந்துவிட்டது.

படிப்பு முடிந்ததும், லைசென்ஸ் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று சுரண்டைக்காரன் இலஞ்சியில் ஒரு தேங்காய் வியாபாரியின் லாரியை ஓட்டப் போய்விட்டான்.

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தபோது சங்கடம் வந்தது. லைசென்ஸ் இல்லாதவர் கையில் லாரி இருந்தால் கரிக்கான பெர்மிட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பேச்சு வந்தது. அதே சமயம் முதலாளியின் மருமகன் சென்னையிலிருந்து வந்து இறங்கினார். அங்கே முறையான மோட்டார் பள்ளிக்கூடத்தில் படித்து, சர்டிபிகேட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வந்த அன்றே மண்டித் தெருவில் எங்கள் லாரியை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, உதட்டில் சிகரெட்டோடு, தெருமுனையிலிருந்து பின்னாலேயே வந்து மண்டி வாசலில் மூட்டை இறக்கும் படியை ஒட்டி நிறுத்தினார். சுமை தூக்குகிறவர்கள் கை தட்டினார்கள்.

"பாத்தீரா வே? எம் மருமவனுக்கு முதுகுலயும் கண்ணு இருக்கு" என்றார் முதலாளி.

"முன்னால போகச் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி.

முன்னால் போவதில் மருமகன் அவ்வளவு சோபிக்கவில்லை. ஒரு காப்பிக்கடைப் பந்தலைக் கூடவே கொண்டுபோனார். ஆனால் சர்டிபிகேட் சர்டிபிகேட்தான். முதலாளி அண்ணாச்சியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "உம்மேல எனக்கு ஒரு கொறையும் கெடையாது. பிரேக் இன்ஸ்பெக்டர் குத்தாலத்துக்கு வாராரு. லைசென்ஸ் வாங்கிட்டு வந்தீருன்னா வண்டி உம்ம கையில. இல்லேன்னா மருமவன் கையில. நான் என்ன வே செய்ய?"

அண்ணாச்சி சரி என்று வந்துவிட்டார். அன்று முழுவதும் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஸ்டியரிங்கை விட்டால் அவர் தம் கைகளை எங்கே வைத்துக்கொள்வார் என்று எனக்கு யோசனையாக இருந்தது.

லைசென்ஸ் பரீட்சை நடத்துகிற பிரேக் இன்ஸ்பெக்டருக்கு வேலை வருஷம் முழுவதும் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்து முகாமை அவர் சாரல் காலத்தில்தான் வைத்துக்கொள்வார். காலையில் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொள்வார். அது ஊற வேண்டும் அல்லவா? அந்த நேரத்தில் பரீட்சை நடக்கும். ஊறி முடிந்ததும் அருவிக்குப் போய்விடுவார். இடுப்பில் துண்டும் தலையில் சொட்டச் சொட்ட எண்ணெயுமாக அவர் எங்கள் லாரியில் ஏறி அண்ணாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய சேவகரான டபேதார் காகிதங்களோடும் குடையோடும் பின்னால் என்னருகில் நின்றார். பரீட்சை, இலஞ்சிச் சாலையில் போய்விட்டுத் திரும்புவது.

சிற்றாற்றுப் பாலம் வந்தது. அண்ணாச்சி வழக்கப்படி தூரத்திலேயே நிறுத்தி, "ஏலே, துணிய எடுத்துக்கிட்டு எறங்கு" என்றார்.

"என்னது அது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பய முன்னால போயிப் பாத்துட்டு வருவான் எசமான்."

"டெஸ்டில் அதெல்லாம் கிடையாது. பேசாமல் ஓட்டு."

ஓட்டினார். பாலத்தின் நடுவில் எதிரே தேங்காய் லாரி ஒன்று ஏறி வந்து, எங்கள் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. உள்ளே சுரண்டைக்காரன். அவனும் துணி பிடிக்க ஆள் வைத்திருந்தான். அந்த ஆள் அன்று அருவியில் குளிக்கப் போயிருந்தான்.

"ஏன் நிற்கிறாய்? ரிவர்ஸ் எடு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவன் சின்னப்பய எசமான். அவந்தான் எடுக்கணும். மரியாதன்னு ஒண்ணு இருக்குல்லா?"

இன்ஸ்பெக்டர் வெளியே தலையை நீட்டி, "நீ எடப்பா" என்றார்.

"அண்ணாச்சி எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவிய எசமான்" என்றான் சுரண்டைக்காரன், அந்தக் குழந்தைக் குரலில். "அவிய எடுக்காம நான் எடுத்தா குருத்துரோகம்லா?"

இருபுறமும் மாட்டுவண்டிகள் சேர்ந்தன. குளித்துவிட்டு வருகிறவர்களும் குளிக்கப் போகிறவர்களும் பாலத்தை அடைத்துக்கொண்டார்கள். "ரெண்டு பேரும் பொண்ணு மாப்ளையா, மொகத்தப் பாத்துக்கிட்டு நிக்கதுக்கு?" என்று ஒரு வண்டிக்காரன் கேட்டான். சாரல் கனத்தது. இன்ஸ்பெக்டரின் தலை எண்ணெய் மழைத் தண்ணீரோடு கண்ணுக்குள் இறங்கியது. அவர் துண்டால் துடைத்தார், துண்டும் எண்ணெய்.

"இங்கே பார். இப்போது ரிவர்ஸ் எடுக்கிறாயா, இல்லை பெயில் என்று எழுதவா?"

நான் பின்னாலிருந்து இடுக்கு வழியாகப் பார்த்தேன். அண்ணாச்சியின் கை கியர்த் தண்டின் மேல் இருந்தது. சீக்காளிப் பல் என்று அவர் சொன்ன பக்கமாக அது நகர்ந்தது. அவர் எதிரே பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "ஏலே, கீழ எறங்கு. பின்னால ஆளு, மாடு, கழுத ஒண்ணும் நிக்காமப் பாரு. நல்லாப் பாரு."

நான் இறங்கி எல்லாரையும் பாலத்துக்கு வெளியே விரட்டிவிட்டுக் கை காட்டினேன். கரகரவென்று பல் அரைபடும் சத்தம் கேட்டது. வண்டி ஒரு துள்ளுத் துள்ளியது. பின்பக்கம் இல்லை, முன்பக்கம். தேங்காய் லாரியின் விளக்குக் கண்ணாடி நொறுங்கியது. எங்கள் இன்ஜின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுபோனது. கரி லாரி நின்றால் மறுபடி அரை மணி காற்றாடி சுற்ற வேண்டும்.

"எவ்வளவு நேரமாகும்?" என்றார் இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டு.

"அர மணி எசமான். ஈரக் கரின்னா இன்னும் கூட."

"ஐயோ, ஜலதோஷம் பிடித்துக்கொள்ளுமே. எண்ணெய் தேய்த்து எத்தனை நேரமாயிற்று." பிறகு அவர் ஜன சமுத்திரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "யாராவது தள்ளுங்களேன்."

ஈர வேட்டியும் ஈரத் துண்டுமாக நாற்பது ஐம்பது பேர் எங்கள் லாரியின் மூக்கையும் பக்கங்களையும் பிடித்துக்கொண்டார்கள். அண்ணாச்சி கியரை விடுவித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். வண்டி பின்னால் நகர்ந்தது. பாலத்தின் இரண்டு பக்கமும் கல் திட்டு. வண்டி வேறு எங்கே போகும்? நேராகவே போனது. அண்ணாச்சி அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு எதிரே இருந்ததெல்லாம் அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கரை சேர்ந்ததும் கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி வந்து, இன்ஸ்பெக்டர் முன்னால் கை கட்டி நின்றார். தீர்ப்புக்கு நிற்கிற முகம்.

இன்ஸ்பெக்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்து டபேதாரைப் பார்த்தார். "வண்டி பின்னால் வந்ததா?"

"வந்தது எசமான்."

"நேராகவா?"

"நூல் பிடிச்சாப்பல."

"ஆனால்..." என்று இன்ஸ்பெக்டர் இழுத்தார்.

டபேதார் அனுபவஸ்தர். "வண்டியப் பின்னால நேராக் கொண்டுவரணும்னுதான் ரூல்ல இருக்கு எசமான். இன்ஜின் கொண்டுவரணுமா ஆளு கொண்டுவரணுமான்னு ரூல்ல இல்ல. அருவியில கூட்டம் ஏறுது."

இன்ஸ்பெக்டர் எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தில் அவர் பெயரைவிட எண்ணெய்க் கறைதான் தெளிவாக விழுந்தது.

சாயங்காலம் முதலாளி காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்ன வே, பின்னால எடுத்தீராமே."

"எடுத்தேன் மொதலாளி."

"இனி கோவிலச் சுத்தாமத் திருப்பிக்கிடுவீரோ?"

"அது வேற விசயம்" என்றார் அண்ணாச்சி.

லாரி அவர் கையிலேயே இருந்தது. மருமகனின் சர்டிபிகேட்டை மண்டியில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, அதற்குக் கீழே அவரை உட்கார்த்திவைத்தார்கள்.

டபேதார் சொன்ன சட்டம் பரவிவிட்டது. அதற்குப் பிறகு சாரல் காலத்தில் லைசென்ஸ் எடுக்கப் போகிறவன் கூடவே நாலு தள்ளுகிற ஆட்களையும் கூட்டிக்கொண்டு போனான். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் உட்காரும் மரத்துக்கு அடுத்த மரம் தள்ளுகிறவர்களுடையது என்று ஆகிவிட்டது. அந்த வகையில் லைசென்ஸ் வாங்கியவர்கள் ஜில்லா முழுவதும் லாரி ஓட்டினார்கள். இரண்டு லாரி எதிரெதிரே நின்று மணிக்கணக்கில் மரியாதை செய்துகொள்வதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் வியந்தார்கள். என்னைப் பட்டாளத்தில் எடுத்து அஸ்ஸாமுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பஞ்சாபிக்காரர் என்னைக் காது கூசத் திட்டியபடியே ஒரு மத்தியானத்தில் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

தள்ளுகிற வழக்கத்தில் முதல் லைசென்ஸ் அண்ணாச்சியுடையது என்றால் இரண்டாவது என்னுடையது. என் பரீட்சை மறுநாள். அருவிச் சாலையை ஒட்டிய பொட்டலில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டபேதார் வந்து, "ஆளு கொண்டாந்திருக்கியா?" என்று கேட்டார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி காக்கிக் கோட்டைக் கழற்றி மடித்து ஒரு கல்லின் மேல் வைத்தார். துண்டைத் தலையில் கட்டினார். இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு வண்டிக்கு முன்னால் வந்து, தன் பரீட்சைக்குக் காத்திருந்த சுரண்டைக்காரனுக்கும் ஈரம் சொட்டுகிற இரண்டு யாத்திரிகர்களுக்கும் நடுவில் நின்று தோளைக் கொடுத்தார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். அத்தனை நாளும் பக்கவாட்டிலேயே பார்த்த முகத்தை அன்றுதான் நேருக்கு நேர் பார்த்தேன். சேற்றில் அவர் கால் வழுக்கியது. மறுபடி ஊன்றிக்கொண்டார். வண்டி அசைந்தது. நான் கழுத்தைத் திருப்பப் போனேன்.

"அங்கன பாக்காத" என்றார். "பின்னால கெணறு கெடக்கு. அத நான் பாத்துக்கிடுதேன். நீ எம் மொகத்தப் பாரு."

அவர் கண்கள் எனக்குப் பின்னால் எதையோ அளந்துகொண்டிருந்தன. வலப்பக்கம் தலையை அசைத்தார், வலப்பக்கம் ஒடித்தேன். இடப்பக்கம் அசைத்தார், இடப்பக்கம். கிணறு எந்தப் பக்கம் போனது என்று எனக்குத் தெரியாது. அவர் மூச்சு வாங்கியபடி "போதும்" என்றதும் பிரேக்கை மிதித்தேன். இப்படித்தான் நான் இருபது கஜம் பின்னால் போய், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல், டிரைவரானேன்.